போட்டிச் செயலியின் பெயரைத் தேடுபவருக்கு நம் செயலியைக் காட்டலாமா?

தனிநிரலர் (கேள்வி)

வணக்கம். சிறு கடைக்காரர்கள் பற்று வரவு எழுதிவைக்க உதவும் ஒரு செயலியை நான் தனியாக உருவாக்கி ஆப் ஸ்டோரிலும் பிளே ஸ்டோரிலும் வைத்திருக்கிறேன். தரவு முழுவதும் கைபேசியிலேயே இருக்கும். தொலைபேசி எண்ணைக் கொடுத்துப் பதிவுசெய்ய வேண்டியதில்லை. சந்தா கிடையாது, ஒரே முறை 499 ரூபாய் செலுத்தினால் போதும். பயன்படுத்துகிறவர்கள் நிறைவாகவே எழுதுகிறார்கள். ஆனால் புதிதாக யாரும் வந்து சேர்வதில்லை. ஏனெனில் இத்தகைய செயலியைத் தேடும்போது முதலில் தெரிபவை எல்லாம் பெருமுதலீடு பெற்ற நிறுவனங்களின் செயலிகளே.

இணையச் சந்தைப்படுத்தலில் அனுபவம் உள்ள ஒருவரை அணுகினேன். அவர் நான்கு வழிகளைச் சொன்னார். ஆப் ஸ்டோர் தேடல் விளம்பரத்தில் போட்டிச் செயலிகளின் பெயர்களுக்கே ஏலம் கேட்பது, அதாவது அப்பெயரைத் தேடுபவருக்கு என் விளம்பரம் தெரியப் பணம் கொடுப்பது, முதல் வழி. பயனர் கண்ணுக்குத் தெரியாத கீவேர்ட் (தேடுசொல்) பகுதியில் அதே பெயர்களை நிரப்புவது இரண்டாவது. 'அந்தச் செயலிக்கு மாற்று', 'இந்தச் செயலிக்கும் அந்தச் செயலிக்கும் என்ன வேறுபாடு' என்னும் தலைப்புகளில் நூற்றுக்கணக்கான வலைப்பக்கங்களைச் செயற்கை நுண்ணறிவால் எழுதவைத்து கூகுளில் இடம்பிடிப்பது மூன்றாவது. செயலிக்குள்ளேயே 'உங்களுக்குப் பிடித்திருக்கிறதா?' என்று கேட்டு, ஆம் என்பவரை மட்டும் மதிப்பீட்டுப் பக்கத்துக்கும், இல்லை என்பவரை எனக்கு மின்னஞ்சல் எழுதும் பக்கத்துக்கும் அனுப்புவது நான்காவது.

இவற்றில் எது சட்டத்துக்கு உட்பட்டது என்பதோடு என் கேள்வி நின்றுவிடவில்லை. ஒருவர் தனக்கு வேண்டியதைத் தேடும் நேரத்தில் அவர் முன்னால் போய் நிற்பதற்கு எனக்கு எந்த அளவுக்கு உரிமை உண்டு? மாதம் சில ஆயிரம் ரூபாய்க்கு மேல் செலவிட முடியாத ஒருவனுக்கு இவ்வழிகள் உண்மையில் பலன் தருமா? அனுபவம் உள்ளவர்கள் விரிவாக எழுதினால் நன்றியுடன் இருப்பேன்.

ஏலக்கணக்கு (பதில்)

செயலிகளுக்கான தேடல் விளம்பரங்களைப் பல ஆண்டுகளாகக் கையாண்டு வருகிறேன். தேடலைப் புறக்கணித்துவிட்டுத் தனி நிரலர் ஒருவர் பிழைப்பது கடினம் என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்ள வேண்டும். ஆப்பிள் நிறுவனம் தன் தேடல் விளம்பரச் சேவையை 2016இல் அமெரிக்காவில் தொடங்கியபோது, ஆப் ஸ்டோரின் பதிவிறக்கங்களில் 65 விழுக்காடு ஒரு தேடலை அடுத்து நேரடியாக நிகழ்கிறது என்று அறிவித்தது. விளம்பரம் விற்பவரே சொன்ன கணக்கு என்பதால் அதைச் சற்று எச்சரிக்கையோடு எடுத்துக்கொண்டாலும், திசை அதுதான்.

போட்டியாளர் பெயருக்கு ஏலம் கேட்பதை ஏதோ குறுக்குவழி என்று எண்ண வேண்டாம். விளம்பரங்களை எப்படிப் பிரித்து நடத்த வேண்டும் என்று ஆப்பிள் தரும் வழிகாட்டுதலிலேயே, சொந்தப் பெயர், பொருள்வகை, புதிய சொற்களைக் கண்டறிதல் ஆகியவற்றோடு போட்டியாளர் பெயர்களும் ஒரு தனிப்பிரிவாக இடம்பெறுகின்றன. விளம்பரம் என்ற குறியுடன்தான் அது தோன்றுகிறது. தேடியவரின் முதன்மை முடிவு அதற்குக் கீழேயே இருக்கிறது. எனவே, அறநெறிப்படி இதைத் தவறு என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் உங்கள் நிலையில் இது வீண்செலவு. உங்கள் விலை 499 ரூபாய். வரியை ஒதுக்கிவைத்து, சிறு நிரலர்களிடம் ஆப்பிள் பிடிக்கும் 15 விழுக்காட்டுக் கழிவை மட்டும் எடுத்தாலே கையில் நிற்பது ஏறத்தாழ 424 ரூபாய். இந்த விளம்பரத்தில் ஒவ்வொரு தட்டலுக்கும் பணம் போகும். ஒரு தட்டலுக்கு 20 ரூபாய் என்றும், நான்கு தட்டல்களுக்கு ஒருவர் நிறுவுகிறார் என்றும், நிறுவும் இருபது பேரில் ஒருவர் பணம் செலுத்துகிறார் என்றும் வைத்துக்கொள்வோம். ஒரு வாடிக்கையாளரைப் பெற நீங்கள் செலவிடுவது 1,600 ரூபாய். பெயரைச் சொல்லித் தேடுபவர் ஏற்கெனவே முடிவு எடுத்துவிட்டவர். அவரிடம் வேறொன்றைக் காட்டினால் ஆர்வத்தால் தட்டுவாரே தவிர, தங்குவது அரிது. மாதந்தோறும் சந்தா வாங்கும் நிறுவனம் இந்த இழப்பை இரண்டு ஆண்டுகளில் ஈடுகட்டிவிடும். ஒரே முறை பணம் பெறும் உங்களால் முடியாது.

இதே கணக்கைத் தேவையைச் சொல்லும் தேடலுக்குப் போட்டுப் பாருங்கள். 'இணையம் இல்லாமல் கடன் கணக்கு' என்பது போல நீளமாகத் தேடுபவர்களின் எண்ணிக்கை குறைவு. அதற்கு ஏலம் கேட்பவர்களும் குறைவு. தட்டலுக்கு 8 ரூபாய், இரண்டு தட்டலுக்கு ஒரு நிறுவல், அதே இருபதில் ஒருவர் என்றால் 320 ரூபாயில் முடிகிறது. இவை நான் விளக்கத்துக்காக எடுத்த எண்கள்தாம். உங்கள் எண்களை நீங்கள் சிறு தொகை கொண்டு அளந்து பார்க்க வேண்டும். அளக்கும்போது சொல் அப்படியே பொருந்த வேண்டும் என்ற தேர்வை மட்டும் வைத்துக்கொண்டு, தானாகப் பொருத்தும் 'சர்ச் மேட்ச்' வசதியை அணைத்துவிடுங்கள். அதைத் திறந்து வைத்தால் தொடர்பில்லாத தேடல்களுக்கும் உங்கள் பணம் கரையும்.

மதுரை வழக்கறிஞர் (பதில்)

சட்டத்தின் நிலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன்; இந்தக் கேள்வியோடு சென்னைக்கு நேரடித் தொடர்பு உண்டு. பாரத் மேட்ரிமோனியை நடத்திய கன்சிம் இன்ஃபோ நிறுவனம், தன் வணிகக்குறிகளைப் போட்டியாளர்கள் விளம்பரக் கீவேர்டுகளாகப் பயன்படுத்துவதை எதிர்த்து, கூகுளையும் அந்தப் போட்டியாளர்களையும் பிரதிவாதிகளாக்கிச் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. 2010 செப்டம்பரில் தனி நீதிபதி இடைக்காலத் தடை வழங்க மறுத்தார். பெயர் பொதுச்சொற்களால் ஆனதாக இருக்கும்போது, அச்சொற்களை ஒருவர் தமக்கு மட்டும் உரியவை என்று எந்த அளவுக்குப் பூட்டிவைக்க முடியும் என்பது அந்தத் தீர்ப்பில் முக்கியமாக ஆராயப்பட்டது. அதே ஆண்டு மார்ச்சில் ஐரோப்பிய நீதிமன்றம் லூயி விட்டான் வழக்கில், கீவேர்டை விற்பதால் மட்டும் கூகுள் வணிகக்குறியை மீறியதாகாது என்றும், விளம்பரத்தைப் பார்ப்பவருக்கு அது யாருடையது என்று புரியாவிட்டால் விளம்பரதாரர் பொறுப்பேற்க நேரும் என்றும் கூறியது.

பின்னர் 2023 ஆகஸ்டில் டெல்லி உயர் நீதிமன்றத்தின் அமர்வு, கூகுளுக்கும் டிஆர்எஸ் லாஜிஸ்டிக்ஸ் நிறுவனத்துக்கும் இடையிலான வழக்கில், கீவேர்டாக வைப்பதும் வணிகக்குறியின் பயன்பாடே என்றும், ஆனால் குழப்பமோ குறியின் மதிப்புக்குக் கேடோ இல்லாதபோது அதை மட்டுமே மீறலாகக் கொள்ள இயலாது என்றும் சொன்னது. கூகுள் வெறும் இடைத்தரகராக ஒதுங்கி நிற்கவில்லை, விளம்பரத்தில் பங்கெடுக்கிறது என்றும் அது குறிப்பிட்டது. ஆகவே இந்தியாவில் கேள்வி 'குழப்பம் உண்டாகிறதா' என்பதில் வந்து நிற்கிறது. விளம்பரத்தின் வாசகத்திலோ படத்திலோ போட்டியாளரின் பெயரையும் நிறத்தையும் சாயலாகக் கொண்டுவந்தால் நீங்கள் அந்த வட்டத்துக்குள் நுழைந்துவிடுகிறீர்கள்.

கீவேர்ட் பகுதி வேறு விஷயம். அங்கே பிறருடைய வணிகக்குறிகளையும் புகழ்பெற்ற செயலிகளின் பெயர்களையும் திணிக்கக் கூடாது என்று ஆப்பிளின் ஆய்வு விதிகளில் 2.3.7ஆம் விதி சொல்கிறது. பயனருக்குத் தெரியாது என்பது பாதுகாப்பாகாது. ஆய்வாளருக்குத் தெரியும், செயலி நிராகரிக்கப்படலாம். இலவசப் பகுதியில் தடைசெய்த அதே பெயரை, பணம் கொடுத்தால் விளம்பரப் பகுதியில் வாங்க அதே நிறுவனம் அனுமதிக்கிறது. இந்த முரண்பாட்டை நான் பல கட்சிக்காரர்களிடம் விளக்க வேண்டியிருக்கிறது, நியாயம் என்று அதற்குச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. ஆயினும் விதி விதிதான். இரண்டாம் வழியை நீங்கள் முழுமையாகக் கைவிட வேண்டும்.

உள்ளடக்க எழுத்தாளர் (பதில்)

மூன்றாம் வழியைப் பற்றி எழுதுகிறேன். நூற்றுக்கணக்கான ஒப்பீட்டுப் பக்கங்களை இயந்திரத்தால் எழுதவைப்பது சில ஆண்டுகளுக்கு முன் பலன் கொடுத்தது உண்மை. 2024 மார்ச்சில் கூகுள் தன் ஸ்பேம் (குப்பைப் பக்கங்களைத் தடுக்கும்) கொள்கையை மாற்றியபோது, தேடல் வரிசையில் ஏறுவதையே முதன்மை நோக்கமாகக் கொண்டு பெருமளவில் உருவாக்கப்படும் பக்கங்களைத் தனி மீறலாக அறிவித்தது. அவற்றை எழுதியது மனிதரா இயந்திரமா என்பதை அது பொருட்படுத்தவில்லை. படிப்பவருக்குப் பயன் உண்டா என்பதே அளவு. தண்டனை வந்தால் அந்தப் பக்கங்கள் மட்டும் போவதில்லை, உங்கள் தளத்தின் நல்ல பக்கங்களும் சேர்ந்து காணாமற்போகலாம். பெரிய நிறுவனம் வேறொரு தளத்தைத் தொடங்கிக்கொள்ளும். உங்களுக்கு இருப்பது ஒரே தளம்.

அப்படித் தப்பிப் பிழைத்து வரிசையில் ஏறினாலும் வருகை முன்போல இல்லை. தேடல் முடிவின் உச்சியில் செயற்கை நுண்ணறிவுச் சுருக்கம் இருந்தபோது வழக்கமான இணைப்பு ஒன்றைச் சொடுக்கியது 8 விழுக்காடு வருகைகளில்தான் என்றும், சுருக்கம் இல்லாதபோது அது 15 விழுக்காடு என்றும், அமெரிக்கப் பயனர்களின் 2025 மார்ச் மாத உலாவலை ஆராய்ந்த பியூ ஆய்வு மையம் தெரிவித்தது. பொதுவான கேள்விக்குப் பொதுவான விடை எழுதும் பக்கத்தைத்தான் அந்தச் சுருக்கம் முதலில் விழுங்குகிறது.

ஒப்பீட்டுப் பக்கமே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஒரு செயலியிலிருந்து வெளியேற விரும்பும் கடைக்காரருக்கு, பழைய கணக்கை எக்செல் கோப்பாக எடுப்பது எப்படி, அதை உங்கள் செயலியில் ஏற்றும்போது எந்தத் தேதி வடிவம் சிக்கல் தரும், எவையெல்லாம் உங்களிடம் இல்லை என்பவற்றை நீங்களே செய்து பார்த்து எழுதினால், அது பயனுள்ள பக்கம். பல கைபேசிகளில் ஒரே கணக்கைப் பார்க்க வேண்டும் என்பவருக்கு உங்கள் செயலி உதவாது. அதை முதல் பத்தியிலேயே எழுதுங்கள். அப்படிப்பட்டவர் உங்கள் செயலியை வாங்கிவிட்டு, பணத்தைத் திரும்பக் கேட்டு, ஒற்றை நட்சத்திரம் போட்டுச் செல்வதைவிட, வாங்காமலே செல்வது இருவருக்கும் நல்லது. இப்படிப்பட்ட பக்கங்கள் மூன்றோ நான்கோ போதும். ஒவ்வொரு முறை அந்தப் போட்டிச் செயலி மாறும்போதும் நீங்கள் திருத்த வேண்டியிருக்கும் என்பதால் அதற்கு மேல் உங்களால் காக்கவும் முடியாது.

வலைப்பக்கத்துக்கு முன்னால் ஆப் ஸ்டோரிலும் பிளே ஸ்டோரிலும் உள்ள உங்கள் செயலியின் பக்கத்தைக் கவனியுங்கள். ஆப் ஸ்டோரில் பெயருக்கு 30 எழுத்துகள், துணைத்தலைப்புக்கு 30, கீவேர்டுக்கு 100 என்று வரம்பு இருக்கிறது. விவரக் குறிப்பு அங்கே தேடலுக்குக் கணக்கில் வராது. பிளே ஸ்டோரில் தலைப்பு 30, சிறு விவரம் 80, முழு விவரம் 4,000 எழுத்துகள். முழு விவரமும் தேடலில் சேரும். அதனால் ஒரே வாசகத்தை இரண்டு இடத்திலும் ஒட்டுவது பயன்தராது. பிளே ஸ்டோரில் தமிழிலேயே தனி விவரம் எழுதும் வசதி உண்டு. உங்கள் கடைக்காரர்கள் பேசும்போது எதைச் சொல்கிறார்களோ, 'கடன் நோட்டு', 'பற்று வரவு', 'பாக்கி கணக்கு', அதையே இயல்பான வாக்கியங்களில் எழுதுங்கள். 'நம்பர் ஒன்', 'இலவசம்' போன்றவற்றைத் தலைப்பில் வைக்க 2021 முதல் பிளே ஸ்டோர் தடை விதித்திருக்கிறது. அதையும் நினைவில் கொள்ளுங்கள்.

பழைய பயனர் (பதில்)

நான் நிரலர் இல்லை. செயலிகளைத் தேடி, நிறுவி, ஏமாந்தும் பயனடைந்தும் இருப்பவர்களின் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். ஏலக்கணக்கு எழுதியவற்றில் கணக்கை ஏற்கிறேன். விளம்பரம் என்ற குறி இருப்பதால் அறநெறிச் சிக்கல் தீர்ந்துவிடுகிறது என்பதை ஏற்க இயலவில்லை.

பெயரைச் சொல்லித் தேடுபவர் யார் என்று பாருங்கள். மளிகைக்கடை வைத்திருக்கும் ஒருவருக்கு அடுத்த கடைக்காரர் ஒரு செயலியின் பெயரைச் சொல்லியிருப்பார். அவர் அந்தப் பரிந்துரையை நம்பி, எழுத்துக்கூட்டித் தட்டச்சு செய்து, மேலே வருவதை நிறுவுகிறார். ஆங்கிலத்தில் சிறிதாக எழுதிய ஒரு சொல் அவருக்கு எதையும் உணர்த்தாது. உங்கள் பயனர்கள் யார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: சிறு கடைக்காரர்கள். சென்னையில் கணினித் துறையில் வேலை செய்பவருக்குப் போதுமான குறி, அவர்களுக்கும் போதும் என்று நாம் எப்படிக் கொள்வது?

இந்த நம்பிக்கையை மோசடிக்காரர்கள் நன்றாக அறிவார்கள். கடவுச்சொற்களைக் காக்கும் லாஸ்ட்பாஸ் நிறுவனம், ஓரெழுத்து மாற்றிய பெயரில் ஒரு போலிச் செயலி ஆப் ஸ்டோரில் இருப்பதாக 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. சாட்ஜிபிடியின் அதிகாரப்பூர்வ ஐபோன் செயலி 2023 மே மாதம் வரும் முன்பே, அந்தப் பெயரைச் சார்ந்து சந்தா வாங்கும் செயலிகள் பல அங்கே குவிந்திருந்தன. நீங்கள் மோசடி செய்யப்போவதில்லை என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் வேறொருவர் பெயரைத் தேடி வந்தவரை வழியில் நிறுத்தும் பழக்கம் எங்கெல்லாம் இயல்பாகிறதோ, அங்கே மோசடிக்காரருக்கும் நேர்மையாளருக்கும் இடையே பயனர் காணும் வேறுபாடு மங்கிப்போகிறது.

'வேர்டில்' என்னும் சொல் விளையாட்டு 2022 ஜனவரியில் புகழ் பெற்றபோது நடந்ததையும் எண்ணிப் பாருங்கள். அது அப்போது வலைத்தளத்தில் மட்டுமே இருந்தது. நகல்கள் ஆப் ஸ்டோரில் முளைத்தன; ஆப்பிள் பலவற்றை நீக்கியது. அதே பெயரில் பல ஆண்டுகளுக்கு முன்பே வேறொரு சொல் விளையாட்டை வெளியிட்டிருந்த ஓர் இளம் நிரலருக்கு, தேடலில் தவறி வந்தவர்களால் பதிவிறக்கம் பெருகியது. அந்தப் பெயரில் அவருக்கு முழு உரிமை இருந்தது. எந்தத் தவறும் செய்யவில்லை. ஆனாலும் வந்தவர்கள் தேடியது தன் விளையாட்டை அல்ல என்பதை உணர்ந்து, அந்த வருமானத்தைக் கல்விப் பணி செய்யும் ஓர் அமைப்புக்குக் கொடுத்தார். தேடி வந்தவரின் நோக்கத்தை மதிப்பது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

பெயர் பறிபோகிறவருக்கும் செலவு உண்டு. 2019இல் பேஸ்கேம்ப் என்னும் மென்பொருள் நிறுவனம், தன் பெயரைத் தேடினால் போட்டியாளர்களின் விளம்பரங்களே மேலே வருவதால், 'இந்த விளம்பரத்தை நாங்கள் வெளியிட விரும்பவில்லை' என்ற பொருளில் தானே கூகுளில் ஒரு விளம்பரம் கொடுத்துக் கண்டித்தது. அவர்களால் குரல் எழுப்ப முடிந்தது. உங்களைப் போலவே தனியாக உழைக்கும் இன்னொரு நிரலரின் பெயருக்கு நீங்கள் ஏலம் கேட்டால், அவர் தன் பெயரைக் காக்கத் தன் சிறு வருமானத்திலிருந்து பணம் கட்ட வேண்டும். அடுத்த மாதம் அவர் உங்கள் பெயருக்குக் கேட்பார். இருவர் பணமும் போய்ச்சேரும் இடம் ஒன்றே.

ஏலக்கணக்கு (பதில்)

குறியைப் படிக்க இயலாத பயனர் என்ற வாதம் வலுவானது; இவருடைய செயலியைப் பொறுத்தவரை அதை ஏற்கிறேன். பெருநிறுவனங்களின் பெயர் விஷயத்தில் மட்டும் என் கருத்து மாறவில்லை. சந்தையில் பெரும்பங்கைப் பிடித்து, பயனரின் தொலைபேசித் தொடர்புகள் வரை அனுமதி கேட்கும் ஒரு செயலியைத் தேடுபவருக்கு, அனுமதி கேட்காத ஒன்று இருக்கிறது என்று தெரியவருவது அவருக்கும் நன்மைதான். அதை விளம்பரத்தில் சொல்ல விடாமல் தடுத்தால் முன்னே வந்தவரே என்றும் முன்னே நிற்பார். என் நிபந்தனை ஒன்றே: முதல் ஸ்கிரீன்ஷாட்டிலேயே உங்கள் பெயரும், 'இது வேறு செயலி' என்பது விளங்கும் ஒரு தமிழ் வரியும் இருக்க வேண்டும்.

தனிநிரலர் (கேட்டவர்)

அனைவருக்கும் நன்றி. கீவேர்டில் பெயர்களைத் திணிப்பதையும் இயந்திரப் பக்கங்களையும் விட்டுவிடுகிறேன். போட்டிப் பெயர்களுக்கு ஏலம் கேட்கப்போவதில்லை; ஏலக்கணக்கின் வாதத்தில் நியாயம் இருந்தாலும், என் பயனர்கள் அந்தக் குறியைப் படிப்பார்கள் என்று என்னால் உறுதியாகச் சொல்ல இயலாது. தேவையைச் சொல்லும் நீளமான தேடல்களில் சிறு தொகையோடு தொடங்கி, பிளே ஸ்டோரின் தமிழ் விவரத்தை முழுமையாக மாற்றி எழுதுகிறேன். நான்காம் வழியான மதிப்பீட்டைப் பற்றி யாரும் எழுதவில்லை. குறை உள்ளவரின் மின்னஞ்சல் எனக்கு உண்மையிலேயே வேண்டும், அதனால்தான் கேட்கிறேன்.

உள்ளடக்க எழுத்தாளர் (பதில்)

மின்னஞ்சலைக் கேளுங்கள், மதிப்பீட்டோடு அதைக் கட்டாதீர்கள். மதிப்பீட்டுப் பெட்டியைக் காட்டும் முன் 'பிடித்திருக்கிறதா' என்பது போன்ற கேள்வி எதுவும் கேட்கக் கூடாது என்று பிளே ஸ்டோரின் வழிகாட்டுதலே சொல்கிறது. ஆப்பிளில் அவர்கள் தரும் பெட்டியைத்தான் பயன்படுத்த வேண்டும். அது ஒரு பயனருக்கு 365 நாள்களில் மூன்று முறைக்கு மேல் தோன்றாது. நான்கு நட்சத்திரத்துக்குக் குறைவான மதிப்புரைகளைத் தளத்தில் வெளியிடாமல் மறைத்ததாக அமெரிக்க வணிக ஆணையம் குற்றஞ்சாட்டியதை அடுத்து, ஆடை விற்கும் ஃபேஷன் நோவா நிறுவனம் 2022இல் 42 லட்சம் டாலர் செலுத்த ஒப்புக்கொண்டது. இந்தியாவிலும் இணைய மதிப்புரைகளுக்கென்று ஐஎஸ் 19000 என்னும் தரநிலையை இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022இல் வெளியிட்டிருக்கிறது. வடிகட்டிய நட்சத்திரங்களைப் பார்த்து வாங்குபவர், உங்கள் செயலியில் இல்லாத ஒன்றை இருப்பதாக எண்ணி வாங்குகிறார். பணத்தைத் திரும்பக் கேட்பவர்களில் பலர் அவர்களாகவே இருப்பார்கள்.

செய்யக்கூடியது இது. கடைக்காரர் ஒரு மாதக் கணக்கை முடித்து, பாக்கிப் பட்டியலைப் பார்க்கும் நேரத்தில், எல்லோருக்கும் ஒரே மாதிரி மதிப்பீட்டுப் பெட்டியைக் காட்டுங்கள். 'எனக்கு எழுதுங்கள்' என்ற பொத்தானை அமைப்புகள் பகுதிக்குள் ஒளிக்காமல், முதல் திரையின் கீழேயே எப்போதும் வையுங்கள். குறை எழுதியவரின் சிக்கலைத் தீர்த்த பிறகு, ஆப் ஸ்டோரிலோ பிளே ஸ்டோரிலோ அவருடைய மதிப்புரைக்குக் கீழேயே பதில் எழுதுங்கள். அடுத்துத் தேடி வருபவர் உங்கள் நட்சத்திரத்தோடு அந்தப் பதிலையும் படிப்பார்.